மூவேந்தர் வேண்டாம்: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸின் தென்னிந்திய விரிவாக்கம் குறித்து

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டில் தென்னிந்தியாவுக்கென்று இன்னொரு விரிவாக்கம் வருமானால், அதில் எந்தெந்த மக்கள் புதிய நாகரிகங்களாக இடம்பெறுவார்கள் என்ற கேள்வி சில காலமாகவே என்னை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது. இதை எழுதும் நேரத்தில் அப்படியொரு விரிவாக்கம் அறிவிக்கப்படவில்லை. ஆனால் இந்த விளையாட்டின் ரசிகர்கள் அறிவிப்புக்காகக் காத்திருப்பவர்கள் அல்லர். வரைபடத்தையும் வரலாற்றையும் முன்னால் வைத்துக்கொண்டு அடுத்தது யார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பவர்கள். என் கணக்கை இங்கே சொல்லப்போகிறேன். என்னோடு விளையாடும் தமிழ் நண்பர்கள் பலர் சேரர், சோழர், பாண்டியர் என்று மூன்று தனி நாகரிகங்கள் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசை நிறைவேறக்கூடாது என்று நான் ஏன் நினைக்கிறேன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஒரு மக்களைத் தேர்ந்தெடுத்து, ஊர் கட்டி, வளம் சேர்த்து, படை திரட்டி எதிராளியோடு போரிடும் கணினி விளையாட்டு இது. அப்படித் தேர்ந்தெடுக்கும் மக்களைத்தான் 'நாகரிகம்' என்கிறார்கள். புதிய நாகரிகங்களோடு பின்னர் வரும் கூடுதல் தொகுப்புதான் 'விரிவாக்கம்'. 1999-இல் என்செம்பிள் ஸ்டூடியோஸ் இதை வெளியிட்டபோது பதின்மூன்று நாகரிகங்கள் இருந்தன. அடுத்த ஆண்டே 'தி காங்கரர்ஸ்' விரிவாக்கம் ஐந்தைச் சேர்த்தது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் அதிகாரபூர்வமாக எதுவுமே வரவில்லை. அந்த இடைவெளியில் ரசிகர்கள் சிலர் தாங்களாகவே 'ஃபர்காட்டன் எம்பயர்ஸ்' என்ற மாட் (மாற்றத் தொகுப்பு) ஒன்றை உருவாக்கினார்கள். அதுவே 2013-இல் 'தி ஃபர்காட்டன்' என்ற பெயரில் அதிகாரபூர்வ விரிவாக்கமாயிற்று. அதை உருவாக்கிய குழுவே பின்னர் வந்த விரிவாக்கங்களை உருவாக்கும் நிறுவனமாகவும் ஆயிற்று. ரசிகர்களின் ஊகத்தை வெட்டிப்பேச்சு என்று தள்ளிவிட முடியாததற்கு இந்தப் பின்கதைதான் காரணம். இன்று ஊகிப்பவர்களில் ஒருவர் நாளை உருவாக்குபவராக இருக்கக்கூடும் என்பது இந்த விளையாட்டைப் பொறுத்தவரை நடந்து முடிந்த செய்தி. 2025 மே மாதத்தில் நாகரிகங்களின் எண்ணிக்கை ஐம்பதைத் தொட்டது.

அந்த 2013 விரிவாக்கத்தில்தான் 'இந்தியர்' என்ற நாகரிகம் முதன்முதலாக வந்தது. ஒட்டகப்படையும் யானைமேல் வில்லாளிகளும் வளம் சேர்க்கும் மலிவான கிராமத்தினரும் அதன் சிறப்புகள். சிந்துவிலிருந்து குமரி வரை ஆயிரம் ஆண்டு வரலாறு முழுவதற்கும் அந்த ஒரே நாகரிகம். 2022 ஏப்ரல் 28 அன்று வெளியான 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' அதை உடைத்தது. பழைய இந்தியர் 'இந்துஸ்தானியர்' என்று பெயர் மாறினார்கள். வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என்று மூன்று புதிய நாகரிகங்கள் உடன் வந்தன. திராவிடருக்கு முதலாம் இராசேந்திரனின் கதை தனிப் படையெடுப்புத் தொடராக, அதாவது காட்சி காட்சியாக ஆடும் கதையாக, கிடைத்தது.

அந்த முதல் வாரத்தில் ஆட்டத்துக்குள் என் கிராமத்தினர் தமிழில் பதில் சொன்னதைக் கேட்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க வேண்டிய தேவை எனக்கில்லை. இருபதாண்டுகளாக ஜப்பானியத்தையும் மங்கோலியத்தையும் பழைய ஆங்கிலத்தையும் கேட்டுப் பழகிய காதுகளுக்கு அது பெரிய பரிசு. அதைவிட எனக்குப் பிடித்தது, அந்த நாகரிகம் வெறும் அலங்காரமாக இல்லாமல் நன்றாக வடிவமைக்கப்பட்டிருந்ததுதான். ஒவ்வொரு காலகட்டத்துக்கு முன்னேறும்போதும் திராவிடருக்கு 200 மரம் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டாம் காலகட்டமான ஃபியூடல் காலத்துக்குள் நுழைந்த அந்த நொடியிலேயே 175 மரம் கேட்கும் வில்பயிற்சிக் கூடத்தை எழுப்பிவிடலாம். எதிராளி மரம் வெட்டிச் சேர்த்துக்கொண்டிருக்கும்போது நம்முடைய முதல் ஸ்கிர்மிஷர் (எறியீட்டி வீரன்) வெளியே வந்துவிடுவான். மீன்பிடிப் படகுகள் கூடுதலாகச் சுமக்கின்றன. கடற்கரை வரைபடங்களில் திரிசடை என்ற பெருங்கப்பல் இறங்கிவிட்டால் எதிர்த்து நிற்பது கடினம். ஆனால் திறந்தவெளியில் ஃபிராங்க் நாகரிகத்தின் நைட்டுகள் (கவசக் குதிரை வீரர்கள்) பாய்ந்து வரும்போது திராவிடரிடம் பதிலுக்கு நைட் இல்லை, ஒட்டகமும் இல்லை. குதிரை லாயம் இலகு குதிரைப்படையோடும் யானையோடும் நின்றுவிடுகிறது. ஈட்டிக்காரர்களை வைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்க வேண்டியதுதான்.

இந்தக் குறை தமிழகத்துக்குப் பொருத்தமானதே. சோழ, பாண்டிய நாடுகளில் நல்ல குதிரை வளரவில்லை. பாண்டிய அரசு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை அரபுக் கடலோரத்திலிருந்து பொன் கொடுத்து வாங்கியதையும், வந்தவற்றில் பெரும்பாலானவை வளர்க்கத் தெரியாமல் மாண்டுபோனதையும் மார்க்கோ போலோ வியப்போடு எழுதியிருக்கிறார். ஆக, குதிரையில் பலவீனம், கடலில் பலம், யானையில் பெருமை என்ற வடிவமைப்பு சோழரைக் கண்முன் வைத்துச் செய்யப்பட்டது என்பது தெளிவு. சிக்கல், அதன் பெயர் 'சோழர்' என்றோ 'தமிழர்' என்றோ இல்லாமல் 'திராவிடர்' என்று இருப்பதில்தான் தொடங்குகிறது. அந்தப் பெயரின் கீழ் சாளுக்கியர், இராஷ்டிரகூடர், ஹொய்சளர், காகதீயர், விஜயநகரத்தார் எல்லாரும் வந்து நிற்கிறார்கள்.

ஊகிக்கும் ரசிகர்கள் முதலில் தேடுவது இத்தகைய குடை நாகரிகங்களைத்தான். ஒரே பெயரின் கீழ், ஒன்றோடொன்று போரிட்ட, வெவ்வேறு மொழி பேசிய, வெவ்வேறு விதமாகப் படை நடத்திய மக்கள் திணிக்கப்பட்டிருந்தால், அந்தக் குடை ஒருநாள் பிரிக்கப்படும் என்பது அவர்களுடைய அடிப்படை விதி. இந்தியருக்கு அது பலித்தது. 'ஸ்லாவியர்' என்ற பெயரைச் சுற்றி 2019-இல் பல்கேரியரும் 2021-இல் போலந்தியரும் பொகீமியரும் தனியாக வந்தபோதும் ஓரளவு பலித்தது. அதற்கடுத்து எல்லாருடைய கண்ணும் 1999 முதல் தொடப்படாமல் இருந்த 'சீனர்' என்ற குடையின் மேல் விழுந்தது. 2025-இல் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தென்னிந்தியாவைப் பற்றிய என் அச்சம் முழுவதும் அங்கிருந்துதான் பிறந்தது.

களம் கிழக்காசியா, ஐந்து நாகரிகங்கள் என்ற அளவுக்குச் செய்தி தெரிந்ததும் ரசிகர்களின் பட்டியல் ஏறக்குறைய ஒருமனதாக அமைந்தது: கித்தானியர், ஜுர்சென்கள், தங்குத்துகள், திபெத்தியர், யுன்னான் பகுதியின் பாய் மக்கள். ஐந்துக்கும் வலுவான வரலாற்று நியாயம் இருந்தது. கித்தானியரின் லியாவ் அரசு பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1125 வரை வடசீனத்தை ஆண்டது. அதை வீழ்த்திய ஜுர்சென்களின் சின் அரசு 1234 வரை நின்றது. பாய் மக்களின் தாலி அரசை 1253-இல் குப்ளாய் வென்றார். திபெத்தியப் படை 763-இல் தாங் தலைநகரான சாங்கானுக்குள்ளேயே நுழைந்தது. தங்குத்துகளின் மேற்கு சியா அரசு 1038 முதல் 1227 வரை பட்டுப்பாதையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை அழிக்கும் போரின் நடுவில்தான் செங்கிஸ் கான் இறந்தார். செங்கிஸ் கானின் கதையை 1999 முதல் விளையாடி வருகிற ஒருவருக்கு, அவருடைய கடைசிப் பகைவர் யாரென்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு இதுவரை சரியாகக் கிடைக்கவில்லை என்ற குறை இருந்தது.

தங்குத்துகளைப் பற்றி நான் படித்ததெல்லாம் அந்த ஊகக் காலத்தில்தான். அவர்கள் பதினோராம் நூற்றாண்டில் தங்களுக்கென்று ஏறக்குறைய ஆறாயிரம் எழுத்துருக்கள் கொண்ட ஒரு வரிவடிவத்தை உருவாக்கிக்கொண்டார்கள். அரசு அழிந்தபின் அந்த எழுத்தும் படிப்பாரற்றுப் போயிற்று. 1908, 1909 ஆண்டுகளில் ருசியப் பயணி கோஸ்லோவ் கோபிப் பாலையின் விளிம்பில் கராகோட்டோ என்ற பாழ்நகரைத் தோண்டியபோது ஒரு தூபிக்குள்ளிருந்து அவர்களுடைய நூலகமே கிடைத்தது. அவர்களுடைய படையில் இருநூறு பேர் கொண்ட ஒரு பிரிவு, ஒட்டகச் சேணத்தின்மேல் சிறிய கவண்பொறியைப் பொருத்தி, கைமுட்டி அளவுள்ள கற்களை எறிந்தது என்று சோங் வரலாற்றேடு கூறுகிறது. ஒட்டகத்தின் மேலிருந்து சுழலும் கவண்! ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் வடிவமைப்பாளர் ஒருவர் இதைப் படித்துவிட்டுத் தூங்க முடியுமா என்று ரசிகர்கள் கேட்டார்கள். நானும் அப்படியேதான் நினைத்தேன்.

விரிவாக்கம் 2025 மே 6 அன்று வெளிவந்தது. பெயர் 'தி த்ரீ கிங்டம்ஸ்'. கித்தானியரும் ஜுர்சென்களும் வந்திருந்தார்கள். மற்ற மூன்று இடங்களில் வெய், ஷு, வூ. அதாவது ஹான் பேரரசு உடைந்தபோது, கி.பி. 220-க்கும் 280-க்கும் இடையில், ஒரே மக்களிடையே ஆட்சிக்குப் போட்டியிட்ட மூன்று அரசுகள். இந்த விளையாட்டின் வழக்கமான காலம் உரோமப் பேரரசின் வீழ்ச்சியை ஒட்டித் தொடங்குவது. இது அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால் முடிந்துபோன கதை. காசில் என்ற கோட்டையில் சாவோ சாவோ, லியூ பெய், சுன் ஜியான் என்று பெயர் சொல்லி நாயகர்களையே படைவீரர்களாக உருவாக்கலாம் என்பது பலர் ஒருவரோடொருவர் மோதும் ஆட்டத்தில் இதுவரை இல்லாத வழக்கம். படையெடுப்புத் தொடர்கள் மூன்றும் அந்த மூன்று அரசுகளுக்கே கிடைத்தன. கித்தானியருக்கும் ஜுர்சென்களுக்கும் ஒன்றுகூட இல்லை. பண்டைய காலக் கதைகளுக்கென்றே 'கிரானிக்கிள்ஸ்' என்ற தனி வரிசை 2024-இல் தொடங்கப்பட்டிருந்ததால், இது அங்கேயல்லவா போயிருக்க வேண்டும் என்ற கேள்வி உடனே எழுந்தது. ஸ்டீம் விற்பனைத் தளத்தில் எதிர்மறை மதிப்புரைகள் குவிந்தன.

அந்த ஒட்டகக் கவணும் வந்திருந்தது. ஆனால் அது கித்தானியரின் கையில் இருந்தது. தங்குத்துகளுக்குரிய மிகச் சிறந்த அடையாளத்தை எடுத்து வேறொருவர் பெயரில் வைத்துவிட்டு, அவர்களை மட்டும் வெளியே நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் என்னை அதிகம் வருத்தியது. வெய், ஷு, வூ மூன்றும் விளையாடுவதற்கு நன்றாகவே இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. கித்தானியர் வயலுக்குப் பதிலாக மேய்ச்சல் நிலத்தை அமைத்து உணவு சேர்ப்பதும் புதுமையான, வரலாற்றோடு ஒட்டிய சிந்தனை. ஆனால் ஐந்து இடங்களில் மூன்றை ஒரே மக்களுக்குக் கொடுத்ததால் மூன்று மக்கள் இடமிழந்தார்கள்.

ரசிகர்களின் கணக்கு எங்கே தவறியது? அவர்கள் வரலாற்றை மட்டும் எண்ணினார்கள், சந்தையை எண்ணவில்லை. மூன்று அரசுகளின் கதை சீனாவில் பல நூற்றாண்டுகளாகக் கதையாகவும் நாடகமாகவும், அண்மையில் கணினி விளையாட்டாகவும் ஓடிக்கொண்டிருக்கிறது. சாவோ சாவோவின் முகத்துக்கு விளம்பரம் தேவையில்லை. தங்குத் அரசனின் பெயரை யாருக்கும் தெரியாது. திபெத்தைத் தனி நாகரிகமாகக் காட்டினால் சீனச் சந்தையில் விற்க முடியாமல் போகும் என்று முன்பே எச்சரித்தவர்களும் உண்டு. 2004-இல் 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன்' விளையாட்டைச் சீன அரசு தடைசெய்தபோது சொல்லப்பட்ட காரணங்களுள் திபெத்தைத் தனி நாடாகக் காட்டியதும் ஒன்று என்பதால், அந்த எச்சரிக்கை வெறும் கற்பனையும் அன்று. 2000-இல் கொரியர் சேர்க்கப்பட்டதற்கும் கொரியச் சந்தையே காரணம் என்பது இந்த விளையாட்டின் வரலாறு அறிந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. வணிகம் பார்ப்பதை நான் குறை கூறவில்லை. விற்காத விளையாட்டுக்கு அடுத்த விரிவாக்கம் கிடையாது. ஆனால் ஊகிப்பவர் இரண்டையும் எடைபோட வேண்டும்.

இப்போது அதே தராசைத் தென்னிந்தியாவின் மேல் வைத்துப் பாருங்கள். தென்னிந்தியாவில் சாவோ சாவோவுக்கு இணையாக விளம்பரம் தேவைப்படாத பெயர் எது? சோழர்தான். திரைப்படமும் தொடர்கதையும் அரசியல் மேடையும் சேர்ந்து அந்தப் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன. சீனருக்கு மூன்று அரசுகள் என்றால் தமிழருக்கு மூவேந்தர். வில், புலி, மீன் என்று கொடிகள்கூட ஆயத்தமாக இருக்கின்றன. ஒரு விளம்பரத் துறை அலுவலரின் மேசையில் 'சேரர், சோழர், பாண்டியர்' என்ற முன்மொழிவு எவ்வளவு கவர்ச்சியாக இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது. அது நடந்தால் தமிழ்நாட்டில் கொண்டாட்டமாக இருக்கும். ஆனால் கன்னடரும் தெலுங்கரும் சிங்களரும் தங்குத்துகளின் இடத்தில் போய் நிற்பார்கள். அங்கே எனக்குத் தவறாகத் தெரிந்த ஒன்று, இங்கே பலன் எனக்குக் கிடைக்கிறது என்பதற்காகச் சரியாகிவிடாது.

இதை நான், சொந்தமாகக் காட்சிகளை அமைக்க உதவும் காட்சித் திருத்தியில் கைப்பட உணர்ந்திருக்கிறேன். தக்கோலப் போரை ஒரு தனிக் காட்சியாக அமைக்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. 949-இல் இராஷ்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணனின் படை, முதலாம் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தனை இன்றைய அரக்கோணத்துக்கு அருகில் எதிர்கொண்டது. கிருஷ்ணனின் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன், யானைமேல் இருந்த இராசாதித்தனைக் கொன்றான். தமிழ்க் கல்வெட்டுகள் அவனை 'ஆனைமேல் துஞ்சின' அரசன் என்று நினைவுகூர்கின்றன. மறுபக்கத்துச் சாட்சி கர்நாடகத்தின் ஆதகூரில் கிடைத்த கன்னடக் கல்வெட்டு. அந்தக் கல் நடப்பட்டது உண்மையில் ஒரு நாய்க்காக: காளி என்ற வேட்டைநாய், பெரிய காட்டுப்பன்றி ஒன்றோடு மோதி, அதைக் கொன்று தானும் இறந்தது. போரில் வீரம் காட்டிய மணலேரன் என்ற வீரன் பரிசாகக் கேட்டுப் பெற்ற நாய் அது. அந்த நாயின் நினைவுக்கல்லில்தான் தக்கோலத்தின் வெற்றியும் பதிவாகியிருக்கிறது. நாயும் பன்றியும் இராசாதித்தனின் யானையும் எனக்குக் கிடைத்துவிட்டன. ஆனால் இரண்டு படைகளுக்கும் நாகரிகம் தேர்ந்தெடுக்கும் பெட்டிக்கு வந்தபோது, இரு பக்கமும் 'திராவிடர்' என்றே இட வேண்டியிருந்தது. இருவருக்கும் குதிரை பலவீனம், இருவருக்கும் கடற்படை பலம், இருவரும் தமிழிலேயே கட்டளைக்குப் பதில் சொன்னார்கள். தக்காணத்து மேட்டுநிலத்திலிருந்து இறங்கிவந்த இராஷ்டிரகூடப் படைவீரன் தமிழில் பேசுவதைக் கேட்டபோது என்னால் அதற்குமேல் அந்தக் காட்சியைத் தொடர முடியவில்லை.

ஆகவே என் ஊகத்தில் முதலிடம் கன்னடருக்கு. ஒன்பதாம் நூற்றாண்டு அரபு வணிகர்களின் குறிப்புகள் உலகின் நான்கு பேரரசர்களாகக் கலீபாவையும் சீனப் பேரரசரையும் உரோம அரசரையும் சொல்லிவிட்டு, நான்காவதாக இராஷ்டிரகூட அரசரைத்தான் சொல்கின்றன. அதற்கு இருநூறு ஆண்டு முன்னால் சாளுக்கிய அரசன் இரண்டாம் புலிகேசியின் நாட்டுக்கு வந்த சீனப் பயணி சுவான்சாங், போருக்கு முன் மதுவருந்தும் முன்னணி வீரர்களையும், அவ்வாறே வெறியூட்டப்பட்ட யானைகளையும் பற்றி எழுதுகிறார். ஹொய்சளரிடம் 'கருடர்' என்ற மெய்க்காவலர் மரபு இருந்தது: தலைவன் இறந்தால் அவர்களும் உயிர்விடுவதாக உறுதி ஏற்றவர்கள். இரண்டாம் வீரவல்லாளனின் தளபதி குவர லட்சுமன் அவ்வாறு தன் மனைவியோடும் வீரர்களோடும் உயிர்நீத்ததை ஹளேபீடுக் கோயிலின் தூண் ஒன்று இன்றும் சொல்கிறது. தன் அரசனின் காசில் நிற்கும் வரை ஒரு வலிமை, அது விழுந்தால் வேறொரு வெறி என்று ஒரு சிறப்பு யூனிட்டை (அந்த நாகரிகத்துக்கே உரிய படைவீரனை) இதைவிட எளிதாக வடிவமைக்க முடியாது. குதிரையும் இவர்களுக்குக் கிடைத்தாக வேண்டும். விஜயநகரத்தின் குதிரைப்படையைத் திராவிடரின் இன்றைய லாயத்துக்குள் அடைக்கவே முடியாது.

விஜயநகரம் யாருக்கு என்பதில் ரசிகர்கள் சண்டையிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் காவியம் எழுதினார். அவருடைய கல்வெட்டுகள் கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் வடமொழியிலும் கிடக்கின்றன. என்னைக் கேட்டால் அதை யாருக்கும் முழுச் சொத்தாக எழுதிவைக்க வேண்டாம். 1520-இன் ராய்ச்சூர்ப் போரைக் கன்னடராக விளையாடச் செய்துவிட்டு, பேரரசின் பிற்காலத்தைத் தெலுங்கரிடம் விடலாம். படையெடுப்புத் தொடர்களில் காட்சிக்குக் காட்சி நாகரிகம் மாறுவது இந்த விளையாட்டுக்குப் புதிதல்ல.

தெலுங்கருக்குக் காகதீயரே போதுமானவர்கள். வாரங்கல் கோட்டையைச் சுற்றி உள்ளே ஒரு கல்மதிலும் வெளியே ஒரு மண்மதிலும் இருந்தன. 1310-இல் தில்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூர் நடத்திய முற்றுகையைப் பற்றி எழுதிய தில்லிக் கவிஞர் அமீர் குஸ்ரு, அந்த மண்மதில் எஃகு ஈட்டியும் துளைக்க முடியாத அளவுக்கு இறுகியிருந்தது என்றும், கவண்கல் பட்டால் சிறுவர்கள் விளையாடும் கொட்டையைப்போல் திரும்பித் தெறிக்கும் என்றும் சொல்கிறார். முற்றுகையிட்டவர் தரப்பிலிருந்து வந்த பாராட்டு என்பதால் எனக்கு அதில் தனி மதிப்பு உண்டு. இந்த விளையாட்டில் மதில் என்றால் மரவேலி, பிறகு கல்மதில், பிறகு வலுவூட்டிய மதில் என்ற ஒரே ஏணிதான். கவண்பொறியின் தாக்குதலை விழுங்கிக்கொள்ளும் மலிவான மண்மதில் ஒன்று தெலுங்கருக்குக் கிடைத்தால், ஃபியூடல் காலத் தற்காப்பின் போக்கே மாறிவிடும். கணபதிதேவர் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் 1244-இல் வெட்டுவித்த கல்வெட்டு, புயலில் கரையொதுங்கும் கப்பல்களின் சரக்கைப் பறிக்காமல் வணிகருக்குப் பாதுகாப்பளிப்பதாக உறுதி கூறுகிறது. வணிகக் கப்பல் மூழ்கினால் அதன் பொன்னில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும் என்ற சலுகைக்கு அதைவிட நேரான சான்று கிடையாது. கதைத் தலைவியாகக் காகதீய அரசி ருத்ரமதேவி இருக்கிறார். அவரைப் பற்றி நான் சொல்லி யாரும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மூன்றாவது இடம் சிங்களருக்கு. இதைச் சொல்லும்போது தமிழ் நண்பர்கள் சிலருடைய முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வரலாற்றை மதித்தால் இந்த இடத்தைத் தவிர்க்க முடியாது. சோழர் 993-இல் அனுராதபுரத்தைத் தாக்கி, பொலன்னறுவையைத் தங்கள் நகராக்கினார்கள். 1070-இல் முதலாம் விசயபாகு அவர்களை வெளியேற்றினார். அடுத்த நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பெரும் ஏரிகளைக் கட்டியதோடு பர்மாவுக்குக் கப்பற்படையும் அனுப்பினார், பாண்டியரின் வாரிசுப் போரிலும் தலையிட்டார். இராசேந்திரனின் தொடரை விளையாடிய ஒருவர் அதற்கு மறுமொழியாக விசயபாகுவின் தொடரை விளையாடக் கிடைத்தால், அதே கடலை எதிர்க்கரையிலிருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைக்கும். வடிவமைப்புக்கும் பொருள் குறைவில்லை. இலங்கையின் சமனலவாவிப் பகுதியில் 1990-களில் ஆய்வு செய்த தொல்லியலாளர்கள், மலைச்சரிவின் விளிம்பில் தென்மேற்குப் பருவக்காற்றை நேராக எதிர்கொள்ளும்படி கட்டப்பட்ட இரும்புலைகளைக் கண்டெடுத்தார்கள். ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை அவை இயங்கின. துருத்தி இல்லாமல், காற்றின் வேகத்தாலேயே கரிச்சத்து மிகுந்த எஃகு உருவானதை அங்கேயே உலை கட்டிச் சோதித்தும் காட்டினார்கள். கொல்லன் பட்டறை ஆராய்ச்சிகள் உணவைச் செலவழிக்காமல் தாமாகவே நடைபெறும் ஒரு நாகரிகத்தை நான் அங்கே பார்க்கிறேன்.

இரு பக்கமும் ஒன்றோடொன்று எவ்வளவு பின்னிக்கிடந்தன என்பதற்குப் பொலன்னறுவையிலேயே ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேளைக்காரப் படையினர் புத்தரின் புனிதப்பல் வைக்கப்பட்ட கோயிலைத் தங்கள் பாதுகாப்பில் ஏற்றுக்கொண்டதைக் கூறும் கல்வெட்டு அது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆனையாட்களோடும் வில்லிகளோடும் சேர்த்துப் பெயர் சொல்லப்படுகிற அதே வேளைக்காரர்கள்தான் சிங்கள அரசின் பௌத்தக் கோயிலுக்கும் காவல் நின்றார்கள். வேளைக்காரரைத் தமிழர், சிங்களர் இரு நாகரிகங்களுக்கும் பொதுவான யூனிட்டாக வைத்தால், இன்றைய அரசியல் கோபங்கள் எதுவும் இல்லாமல் அந்தக் காலத்தின் உண்மையான உறவு ஆட்டத்துக்குள் வந்துவிடும்.

இவர்கள் பிரிந்துபோனபின் எஞ்சுவது தமிழர். 2022-இல் இந்தியர் இந்துஸ்தானியர் ஆனதுபோல், திராவிடர் என்ற பெயர் தமிழர் என்று மாறுவதற்கு முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. தமிழருக்கு இழப்பும் இருக்கும், அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இப்போது திராவிடரின் சிறப்பு யூனிட்டாக இருக்கும் சுருள்வாள் வீரன் களரிப்பயிற்று மரபைச் சேர்ந்தவன். சேர நாட்டைத் தமிழரோடு வைத்துக்கொள்ளும் வரைதான் அவன் நம்மோடு இருப்பான், பதினைந்தாம் நூற்றாண்டுக் கோழிக்கோட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மலையாளிகளுக்கும் ஓர் இடம் கேட்க வேண்டியிருக்கும். திராவிடருக்கு இப்போதுள்ள உருக்கு எஃகுத் தொழில்நுட்பம் தமிழகத்துக் கொடுமணலுக்கு மட்டும் உரியதன்று, தெலங்காணாவுக்கும் இலங்கைக்கும் உரியது. பதிலுக்கு எதைப் பெறலாம்? 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்று தொடங்கி, கடாரப் படையெடுப்பின் ஊர்களை ஒவ்வொன்றாக அடுக்கும் இராசேந்திரனின் மெய்க்கீர்த்திப் பகுதியைப் படித்துப் பாருங்கள். அங்கே நிலத்தைப் பிடித்து ஆண்டதாகச் செய்தி இல்லை. துறைமுகங்களைத் தாக்கி, செல்வத்தையும் வாயிற்கதவுகளையும் கவர்ந்து வந்ததே செய்தி. எதிரியின் துறையை அழித்தால் பொன் கிடைக்கும் என்ற ஒரு சிறப்பு, இன்றைய திராவிடரிடம் இருக்கும் எல்லாச் சலுகைகளையும்விடச் சோழரைச் சரியாகக் காட்டும். மூன்று வேந்தர்களும் இந்த ஒரே நாகரிகத்துக்குள் வசதியாக அடங்குவார்கள். ஒருவரோடொருவர் அவர்கள் எத்தனை முறை போரிட்டிருந்தாலும் ஒரே மொழியில், ஒரே விதமான யானையோடும் காலாளோடும் போரிட்டவர்கள்.

விற்குமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. மூவேந்தர் என்ற பெயரைவிட 'தக்காணம்' என்ற பெயருக்குக் கவர்ச்சி குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழரைத் தனியாகப் பெயரிட்டு, கன்னடரையும் தெலுங்கரையும் சிங்களரையும் சேர்க்கும் ஒரு விரிவாக்கம் சென்னையில் மட்டுமல்லாமல் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் கொழும்பிலும் வாங்கப்படும். சந்தைக் கணக்கே என் பக்கம் நிற்கக்கூடிய அரிய வாய்ப்பு இது. அதனால்தான் ஓரளவு நம்பிக்கையோடு ஊகிக்கிறேன்: இரண்டு நாகரிகங்கள் என்றால் கன்னடரும் சிங்களரும், மூன்று என்றால் தெலுங்கரும், எப்படியானாலும் திராவிடருக்குப் பெயர் மாற்றம்.

அறிவிப்புக்கு முன்பே இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. நாகரிகங்களின் பலத்தைச் சரிசெய்ய அடுத்து வரும் சமநிலைப் பேட்ச் (திருத்தப் பதிப்பு) குறிப்புகளில் திராவிடரின் குதிரை லாயத்தைக் கவனியுங்கள். திறந்தவெளி ஆட்டத்தில் அவர்கள் தடுமாறுவதைச் சரிசெய்ய வேண்டிய தேவை எப்போதும் இருக்கிறது. அதற்காக அங்கே வலுவான குதிரைப்படை ஒன்றைக் கொடுத்துவிட்டால், விஜயநகரத்தையும் அதே குடைக்குள் வைத்துக்கொள்ள முடிவெடுத்துவிட்டார்கள் என்று பொருள். மாறாகக் குதிரையைத் தொடாமல் யானையையும் கப்பலையும் ஸ்கிர்மிஷரையும் மட்டும் வலுப்படுத்திக்கொண்டே போனால், தக்காணத்துக் குதிரைகள் வேறு யாருக்காகவோ ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன.